பரேடு முடியும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, மயங்கி விழுந்தாலும் ஆப்சென்ட்: முதலுதவிப் படையில் இந்த விதி சரியா?

பாலாற்றங்கரை கேடட்

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து முதலுதவிப் படையில் கேடட்டாக இருக்கிறேன். படையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். யாரையும் மாட்டிவிட நினைத்து இதை எழுதவில்லை. எனக்குப் படை பிடிக்கும். சனிக்கிழமை ராத்திரியே சட்டைக்குக் கஞ்சி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டுத்தான் தூங்குவேன்.

எங்கள் யூனிட்டில் ஞாயிறு பரேடு காலை எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். அதில் முதல் இரண்டரை மணி நேரம் ட்ரில், அதாவது அணிவகுப்புப் பயிற்சி. ஃபால் இன் ஆனதிலிருந்து, அதாவது வரிசையில் நின்றதிலிருந்து, டிஸ்மிஸ் சொல்லும்வரை தண்ணீர் பாட்டிலைத் தொடக் கூடாது. வரிசையை விட்டு யார் வெளியே வந்தாலும், தலை சுற்றியது என்றாலும், அன்றைக்கு வருகை கிடையாது. ஐந்து நிமிடம் லேட்டானாலும் அப்படித்தான். வருடத்தில் 80 சதவீத வருகை இல்லையென்றால் சான்றிதழ் தேர்வு எழுத முடியாது.

போன மாதம் ஆண்டு ஆய்வுக்கு ஒத்திகை நடந்தது. பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தின் ஓரத்தில் புங்க மரங்கள் இருக்கின்றன. ஆனால் அணி நிற்பது கொடிக்கம்பத்துக்கு முன்னால் உள்ள சிமெண்ட் தளத்தில். எனக்கு நேர் முன்னால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பத்து மணி வாக்கில் அவனுடைய காது மடல் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். முழங்கால் லேசாக முன்னும் பின்னும் ஆடியது. விழப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தானே மூன்று வருடமாகப் படிக்கிறேன்? ஆனால் அட்டென்ஷனில் நிற்கிறோம், பேசக் கூடாது, அசையக் கூடாது. நான் கையை நீட்டவில்லை. அவன் கையைக்கூட ஊன்றாமல் அப்படியே முன்பக்கம் விழுந்தான். முகவாய் சிமெண்டில் அடித்துக் கிழிந்துவிட்டது. மூன்று தையல் போட்டார்கள்.

விழுந்தவனை இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. அவனுக்கு அன்றைக்கு ஆப்சென்ட் போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் 42 பேர். சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் முதலுதவி பழக, ஒரே ஒரு பொம்மை. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்க மட்டும் செய்யலாம், கை வைக்கக் கூடாது. எனக்குப் பதினாறு ஆகிவிட்டதால் இந்த வருடம் இரண்டு முறை வாய்ப்பு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் முப்பது அழுத்தம். நிமிடத்துக்கு நூறு என்ற வேகத்தில் முப்பது அழுத்தத்துக்கு 18 நொடிதான் ஆகும். ஆக ஒரு வருடத்தில் நான் பழகியது 36 நொடி. ட்ரில் பழகியது எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடவே மனசு வரவில்லை.

சீனியர் அக்காவிடம் சொன்னேன். படையில் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் லீடர் பட்டை கிடைக்காது என்றார். இதை அதிகாரியிடம் சொல்வது தப்பா? சொல்வதென்றால் எப்படிச் சொல்ல வேண்டும்?

சத்துவாச்சாரி பழைய கேடட்

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பையன் விழுந்தது வருத்தமான விஷயம். ஆனால் ட்ரில்லை வேஸ்ட் என்று நினைத்துவிடாதே. தொண்ணூறுகளில் நானும் கேடட்டாக இருந்தவன்தான்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாங்கள் டியூட்டி போனோம். வைகாசி ஒன்றாம் தேதி, கத்திரி வெயில், தெரு முழுக்க ஜனம். ஒரு வயதான அம்மா கூட்டத்தில் நசுங்கி விழுந்துவிட்டார்கள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனோம். சுற்றி மேளமும் கூச்சலும், பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. லீடரின் வாயசைவைப் பார்த்துத்தான் தூக்கினோம். நாலு பேரும் ஒரே மூச்சில் தூக்கவில்லை என்றால் ஸ்ட்ரெச்சர் சாயும், உள்ளே இருப்பவர் உருண்டு விழுவார். காலடி ஒன்றாக வைத்தால் ஆடும் என்பதற்காக முன்னால் இருப்பவன் இடது காலும் பின்னால் இருப்பவன் வலது காலும் வைத்து நடப்போம். அது யோசித்து வராது, உடம்பு பழகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று பழகியதுதான் அன்றைக்குக் கை கொடுத்தது.

80 சதவீத விதியும் சரி என்றுதான் சொல்வேன். அரைகுறையாகப் படித்தவன் கையில் சான்றிதழ் இருந்தால், அவனை நம்பி விழுந்தவனுக்குத்தான் ஆபத்து. நாங்களும் வெயிலில் நின்றோம், தாங்கினோம். டியூட்டி நாளில் நிழல் தேட முடியாது.

காட்பாடி அம்மா

அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

பாலாற்றங்கரை கேடட்

தையல் பிரித்துவிட்டார்கள் அக்கா. பள்ளிக்கு வருகிறான். பரேடுக்கு வருவதில்லை, அவன் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரவுப்பணி சிஸ்டர்

இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். அவசரப் பிரிவில் பதினோரு வருடம். முதலில் பழைய கேடட் தம்பிக்கு.

ஸ்ட்ரெச்சர் ட்ரில் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் வார்டிலும் நோயாளியைப் படுக்கை மாற்றும்போது ஒருவர் எண்ணுவார், மற்றவர்கள் அந்த எண்ணிக்கைக்குத் தூக்குவோம். ஆனால் "நாங்களும் நின்றோம், தாங்கினோம்" என்பதை ஏற்க முடியாது. மயக்கம் மனவுறுதியைப் பார்த்து வருவதில்லை. நிற்கும்போது மனிதனின் ரத்தம் கீழ்நோக்கி இறங்கும். அதைத் திரும்ப மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி ரத்தத்தை இதயத்துக்கு அனுப்புகிறது. முழங்காலை விறைத்து அசையாமல் நின்றால் அந்தப் பம்பு நின்றுவிடும். வெயிலில் தோலின் ரத்தக் குழாய்களும் விரிந்திருக்கும், வியர்வையில் நீரும் போயிருக்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆள் விழுகிறார். கிடைமட்டமானதும் ரத்தம் மூளைக்குப் போகிறது, கண் திறக்கிறார். அதனால்தான் விழுந்தவரைப் படுத்த நிலையிலேயே வைத்துக் காலை ஓரடி உயர்த்தச் சொல்கிறோம். பிடித்து உட்கார வைத்தால் உடம்பு தானாகத் தேடிக்கொண்ட வைத்தியத்தை நாம் கெடுக்கிறோம். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, புரையேறும்.

அப்படி விழுகிறவர்களில் பெரும்பாலோர் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். விழும்போது படும் அடிதான் அவர்களுக்கு ஆபத்து. முகவாய் கிழிவது, பல் உடைவது, தலையில் அடி. ஆனால் இது வேறு, வெப்ப வாதம் வேறு. ஆள் உளறுகிறார், இடம் தெரியாமல் பேசுகிறார், உடம்பு கொதிக்கிறது, உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டிவிட்டது என்றால் அது உயிர் போகிற நிலை. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். மே மாதத்தில் நம் ஊர் 105, 106 டிகிரி போகிறது. பிள்ளைகளைச் சிமெண்ட் தரையில் நிறுத்தினால் தரையிலிருந்து வரும் சூடும் சேர்ந்துகொள்ளும்.

பாப்பா, நீ கையை நீட்டாததை நினைத்து வருத்தப்படுகிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. காது மடல் வெளுத்ததைக் கவனித்திருக்கிறாய். பயிற்சி முடித்த பலர் அதைக் கவனிக்க மாட்டார்கள். உனக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண்ணைப் பயன்படுத்த அனுமதி இல்லை, அதுதான் மாற வேண்டிய விதி.

பொம்மை விஷயம். பெரியவருக்கு மார்பை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழத்துக்கு உடல் எடை வேண்டும், அதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முழு ஆழம் வராமல் போகலாம். அதற்காகப் பார்க்க மட்டும் என்று உட்கார வைப்பதில் அர்த்தமில்லை. கை வைக்கும் இடம், முழங்கையை மடக்காமல் நிற்பது, தாளம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுதாக எழும்ப விடுவது, இதெல்லாம் சின்ன வயதிலேயே கைக்கு ஏறிவிடும். அப்புறம், இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பார்த்தால்தான் கை எப்படிச் சோர்கிறது, ஏன் ஆள் மாற்ற வேண்டும் என்பது புரியும். முப்பதோடு நிறுத்தினால் அது ஒருநாளும் புரியாது.

ஒடுகத்தூர்க்காரன்

சிஸ்டர் சொன்னதற்கு நன்றி. பயிற்சி விதி என்று பேச்சு வந்ததால் என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன். என் தம்பி மகனும் ஒரு முதலுதவி யூனிட்டில் இருக்கிறான். அவன் தேர்வுக்குப் படிப்பதைப் பார்த்தேன். காரை எலும்பு முறிந்தால் எந்தக் கட்டு, தாடைக்கு எந்தக் கட்டு என்று மனப்பாடம் செய்கிறான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் வருடம் முழுக்கப் பார்ப்பது பாம்புக்கடி. அதற்கு அவர்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு.

எங்கள் நிலத்தில் வேலை செய்த ஒருவரைக் கட்டுவிரியன் கடித்தது. ராத்திரி, தரையில் படுத்திருந்தார். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாகத் தெரியாது. எறும்பு கடித்ததென்று திரும்பிப் படுத்துவிட்டார். விடியற்காலையில் வயிற்றுவலி என்றார், இமை தொங்க ஆரம்பித்தது. அதற்குள் அக்கம்பக்கத்தார் காலில் கயிற்றை இறுக்கி, பிளேடால் கீறியும் விட்டார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் கடித்த விஷத்தைவிடக் கீறிய புண்தான் அதிக நாள் படுத்தியது. கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கொலுசு மோதிரத்தைக் கழற்று, கை காலை அசைக்காமல் படுக்க வைத்து விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இவ்வளவுதான் பாடம். இதை ஒரு பதிமூன்று வயதுப் பையன் தெருவில் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைக்கலாம். யூனிஃபார்ம் போட்ட பையன் சொன்னால் கேட்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய கேடட் அண்ணா சொன்ன ஸ்ட்ரெச்சரும் எங்களுக்கு வேறு மாதிரி. ஜவ்வாது மலையிலும் அல்லேரிப் பக்கமும் ரோடு இல்லாத ஊர்களிலிருந்து தூளி கட்டித்தான் இறக்குவார்கள். ஒரு மூங்கில், ஒரு கெட்டிப் போர்வை. எந்த முடிச்சு போட்டால் நழுவாது, இறக்கத்தில் நோயாளியின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மலைக்காரர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். கேடட்டுகளை ஒரு ஞாயிறு மலையடிவாரத்துக்கு அழைத்துப் போய் அதைப் பழக்கலாமே.

பாலாற்றங்கரை கேடட்

எங்களுக்கும் பாம்புக்கடி ஒரே வகுப்புதான் அண்ணா. போர்டில் நாலு பாம்பின் பெயர் எழுதிப் போட்டார்கள், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எறும்பு கடி என்று நினைத்துவிடுவார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர்

வேறொரு யூனிட்டில் பல வருடம் பயிற்சியாளராக இருந்தேன். பள்ளி ஆசிரியர் வேலையோடு சேர்த்துப் பார்த்தது. இந்த மாதிரி விதியைப் போட்ட ஆட்களில் நானும் ஒருவன், அதனால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

எங்கள் மைதானத்துக்கு எதிரே பெரிய ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை. பரேடு நடுவில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று கிளம்பிய இரண்டு பையன்கள் ரோஸ்மில்க் வாங்க ரோட்டைக் கடந்தார்கள். லாரி டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த வாரமே, டிஸ்மிஸ் ஆகும்வரை யாரும் வரிசையை விட்டுப் போகக் கூடாது என்று விதி போட்டேன். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. பிறகு வந்த லீடர்களுக்கு ரோடும் தெரியாது, லாரியும் தெரியாது. விதி மட்டும் கைமாறியது. போகப் போக அது தண்ணீரே குடிக்கக் கூடாது என்று ஆனது, அப்புறம் குடிக்காமல் நிற்பதுதான் வீரம் என்று ஆனது. எங்கள் யூனிட்டிலும் ஒரு பெண் விழுந்தாள். அவள் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உன் அதிகாரிக்குப் பயன்படலாம். பரேடை ஆறரைக்கு மாற்றினோம். ஒன்பது மணிக்குள் ட்ரில் முடிந்துவிடும். ஃபால் இன் ஆகும்போதே ஒவ்வொருவரும் பாட்டிலைத் தன் இடது காலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை "வாட்டர்" என்று ஆர்டர் கொடுப்போம். குனிந்து எடு, குடி, வை, நிமிர். அதையும் ட்ரில்லாகவே செய்தோம். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வரிசையும் கலையவில்லை, யாரும் ரோட்டுப் பக்கம் போகவும் இல்லை. நிற்கும்போது ஷூவுக்குள் கால் விரலை மடக்கி விரிக்க, குதிகாலை லேசாக அழுத்தி எடுக்கக் கற்றுக்கொடுத்தோம். வெளியே தெரியாது, சிஸ்டர் சொன்ன பம்பு ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பக்கத்தில் இருப்பவர் தள்ளாடினால், ஆர்டருக்குக் காத்திருக்காமல் வரிசையை உடைத்துப் பிடிக்கலாம், பிடிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்தோம். முதலுதவிப் படை அணிக்கும் மற்ற அணிக்கும் அந்த ஒரு வித்தியாசமாவது இருக்க வேண்டும் அல்லவா? பிடித்தவனுக்கு அன்றைக்கு லீடர் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார்.

உன் அதிகாரியும் ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்காகக் கொடுக்கிறவர்தான். சம்பளம் கிடையாது. அதை மனதில் வைத்து எழுது, ஆனால் விஷயத்தைக் குறைத்து எழுதாதே.

மேல்விஷாரம் வாப்பா

நல்ல யோசனைகள். ஒன்றைச் சேர்க்க வேண்டும். என் மகன் கேடட். ரமலானில் நோன்பு வைத்துக்கொண்டே பரேடுக்குப் போவான். அவனுக்கு "வாட்டர்" ஆர்டர் கொடுத்தாலும் குடிக்க மாட்டான். நோன்பை விடு என்று நானும் சொல்ல முடியாது, பரேடுக்குப் போகாதே என்றால் வருகை போய்விடும். அதனால் தண்ணீர் கொடுத்துவிட்டோம், இனி நிற்கலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மரத்தடியில் நிறுத்துங்கள். அந்த மாதத்தில் ட்ரில்லைக் குறைத்து, உட்கார்ந்து செய்யும் கட்டுப்போடும் பாடத்தை முன்னால் வையுங்கள். அவன் அதே நான்கு மணி நேரம் இருப்பான், வருகையும் கிடைக்கும்.

அரக்கோணம் ரயில்

குடியாத்தம் சாலையோரம் வண்டியை நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர். அந்த மாதிரி ஊரில் ஒரு முதலுதவி யூனிட்டுக்குப் புங்க மர நிழலில் நிற்பதில் என்ன குறை வந்துவிடப் போகிறது?

காட்பாடி அம்மா

யாரும் சொல்லாத ஒன்று. பாப்பா, உங்கள் மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா?

என் மகள் விளையாட்டுப் பயிற்சிக்குப் போனபோது எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் போன விஷயம் இது. பாட்டில் நிறைய தண்ணீர் கொடுத்து அனுப்புவேன், அப்படியே திரும்பி வரும். மறந்துவிட்டேன் என்பாள். ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டேன். அங்கே போக இடமில்லை, அதனால் காலையிலிருந்தே குடிப்பதில்லை என்றாள். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் இதைச் சொன்னாள். மாதவிலக்கு நாட்களில் இன்னும் மோசம், பாதி நாள் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவாள். அந்த 80 சதவீதம் பெண்பிள்ளைகளுக்கு எங்கே அடிபடுகிறது என்று யாராவது வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்களா?

பாலாற்றங்கரை கேடட்

அக்கா, கழிப்பறை இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேன் தாத்தாவிடம். அவர் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் பத்து மணிக்குத்தான் வருவார். நாங்கள் பெண்கள் 17 பேர். பெரும்பாலும் யாரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை, நானும்தான். விதியால்தான் குடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், விதி இல்லை என்றாலும் குடித்திருக்க மாட்டேன்.

சத்துவாச்சாரி பழைய கேடட்

நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "நாங்களும் நின்றோம்" என்று எழுதினேன். நேற்று என் பழைய நண்பனோடு பேசினேன், அவனும் அதே யூனிட். நாங்கள் நின்ற காலத்தில் விழுந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான் என்றான். உண்மைதான். கடைசிவரை இருந்தவர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எல்லோரும் தாங்கினார்கள் என்று பேசிவிட்டேன். எங்கள் அணியில் பெண்களும் இல்லை, அதனால் கழிப்பறை பற்றி யோசிக்க வேண்டிய நிலையே வரவில்லை.

80 சதவீதத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உடம்பு முடியாமல் வரிசையை விட்டு வந்தவனை ஆப்சென்ட் ஆக்குவது தப்பு. வராதவனை வந்ததாகக் காட்டுவதும் தப்பு.

கோர்ட் ரோடு

கடிதம் எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். தனியாக எழுதாதே மா. இன்னும் நாலைந்து கேடட்டுகளும் பெற்றோர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். யார் மேல் தப்பு என்று எழுதினால் பதில் தற்காப்பாகத்தான் வரும். அன்றைக்கு நடந்ததை நேரம் போட்டு எழுது, கையேட்டில் உள்ள வரியைப் பக்க எண்ணோடு எழுது, என்ன மாற்றம் வேண்டும் என்று கேள். நகல் எடுத்து வைத்துக்கொள். நேரில் கொடு, வாட்ஸ்ஆப்பில் வேண்டாம்.

இன்னொன்று. சீருடையில் இருந்தால் அதிகாரி உத்தரவில்லாமல் யாரையும் தொடக் கூடாது என்று சில யூனிட்டுகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைப் பிள்ளைகள் வெளியிலும் பிடித்துக்கொள்கிறார்கள். ரோட்டில் விபத்தைப் பார்த்தால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவாக அதைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு கிடையாது, பெயர், முகவரி சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. இதை உங்கள் வகுப்பில் ஒரு பத்து நிமிடம் சொல்லச் சொல்லிக் கேள்.

பாலாற்றங்கரை கேடட்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தேர்வு இருந்தது.

கடிதம் கொடுத்தோம். ஆறு கேடட், நாலு பெற்றோர். விழுந்த பையனின் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். பக்க எண் போட்டு எழுதியது நல்லதாகப் போயிற்று. அதிகாரி சார் என்னைக் கூப்பிட்டபோது கை நடுங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அவனை உட்கார வைத்தது நான்தான், பதட்டத்தில் செய்துவிட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பரேடு ஏழு மணிக்கு. ட்ரில் ஒன்றரை மணி நேரம்தான், மரத்தடியில். "வாட்டர்" ஆர்டரைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, சரி, செய்து பார்க்கலாம் என்றார். தள்ளாடினால் பிடிக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். பையனுடைய ஆப்சென்டை எடுத்துவிட்டார்கள். ரமலான் மாத யோசனையைக் குறித்துக்கொண்டார். கழிப்பறைச் சாவியை ஃபால் இன்னுக்கு முன்பே லீடர் அக்கா வாங்கி வைத்துக்கொள்வார்.

மாறாதவையும் இருக்கின்றன. லேட் விதி அப்படியே. பதினாறு வயது விதி மேலே இருந்து வந்தது, தன்னால் மாற்ற முடியாது என்றார். அதில் எனக்குத் திருப்தி இல்லை, அதையும் எழுதிக் கேட்கப் போகிறேன். அதுவரை சின்னப் பிள்ளைகளுக்குத் தலையணையில் பழக்கலாமா சிஸ்டர்?

இரவுப்பணி சிஸ்டர்

பழக்கலாம். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம், அமுங்கிக்கொண்டே போகும். யோகா பாயை இறுக்கிச் சுருட்டிக் கட்டித் தரையில் வை. ஆழம் சரியாக வராது, இடமும் முழங்கையும் தாளமும் வரும். ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், முப்பது அழுத்தம் 15 நொடியிலிருந்து 18 நொடிக்குள் முடிய வேண்டும். இரண்டு நிமிடம் ஆனதும் ஆள் மாற்று. கொஞ்சம் ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைப் பொடி) பாக்கெட்டும் வாங்கி வையுங்கள். முழுப் பாக்கெட்டையும் அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதி டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. கலக்கியது அன்றைக்கே தீர வேண்டும்.

சத்துவாச்சாரி பழைய கேடட்

42 பேருக்கு அவரவர் பாட்டில் போதாது, ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும். எங்கள் வீட்டில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இருக்கிறது, முப்பது லிட்டர் பிடிக்கும், விசேஷத்துக்கு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வண்டியில் வைத்துக் கொண்டுவரட்டுமா? ஸ்ட்ரெச்சர் நடையையும் சொல்லிக்கொடுக்கிறேன், சார் சரி என்றால்.

பாலாற்றங்கரை கேடட்

சாரிடம் கேட்டுவிட்டேன், வரச் சொன்னார். ஆறே முக்காலுக்கு வாங்க அண்ணா, வாட்ச்மேன் தாத்தா அப்போதுதான் கேட்டைத் திறப்பார். டிரம்மை இறக்க நாலு பேர் நிற்கிறோம். அந்தப் பையனும் வருகிறான்.